பாரிமுனை நீதிமன்ற வளாகத்தில் வேலை செய்ய வரும் கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் பழையதைச் செப்பனிடவோ புதிதாக ஒன்றை எழுப்பவோ உங்களில் யாராவது வந்துகொண்டுதான் இருப்பீர்கள். அளவு நாடாவை விரிக்கும் முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1892இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் என்றால் எல்லோரும் ஹென்றி இர்வின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பாதி சரி. முதலில் திட்டம் வரைந்தவர் ஜே.டபிள்யூ. பிராசிங்டன். இர்வின் அதைக் கையில் வாங்கி மாற்றி வளர்த்தார்; ஜே.எச். ஸ்டீபன்ஸ் துணை நின்றார். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். ஆக, இந்த வளாகத்தில் இர்வினே இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர்தான். நீங்களும் அப்படித்தான் தொடங்கப் போகிறீர்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

குவிமாடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் பெட்டிக்கு மேல் இரண்டு குவிமாடத்தை வைத்துச் சிவப்பு பெயின்ட் அடித்தால் அது மாறுவேடப் போட்டி. இங்கே கோபுரத்துக்குக்கூட வேலை இருந்தது: 1894 முதல் 1977 வரை அதன் உச்சியில் கலங்கரை விளக்கு எரிந்தது. கீழே வாய்தா, மேலே கப்பலுக்கு வெளிச்சம்! அதற்கு முன் 1844 முதல் அந்த வேலையைச் செய்த கல் தூண் இன்னமும் வளாகத்திலேயே நிற்கிறது.

எடுத்துக்கொள்ள வேண்டியது தாழ்வாரத்தை. வெயில் நேராகச் சுவரில் விழாமல் தடுப்பது அது. மழைச் சாரலை அறைக்குள் விடாமல் நிறுத்துவதும் அது. அதைவிட முக்கியம், வழக்கில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஜூனியர் வழக்கறிஞர் வழக்குக் காகிதக் கட்டைப் புரட்டுவது, குமாஸ்தா வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு ஓடிவருவது, சமரசப் பேச்சு, ஊரிலிருந்து வந்த கட்சிக்காரர் தூணில் சாய்ந்து மூச்சு விடுவது, எல்லாம் அங்கேதான். ஏசி போட்ட மூடிய நடைபாதையில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. வரைபடத்தில் அதற்குப் 'போக்குவரத்துப் பரப்பு' என்று பெயர் வைத்துப் பத்தடியை ஆறடியாகக் குறைப்பது சுலபம். குறைக்காதீர்கள்.

பழைய சுவர் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரும். பூசிய வருடம் பளிச்சென்று இருக்கும், பில்லும் பாஸாகிவிடும். சேதம் தெரியும்போது ஒப்பந்ததாரர் அடுத்த ஊரில் இருப்பார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க நாளாகும் என்றால், அந்த நாட்களையும் கால அட்டவணையில் சேர்த்தே கேளுங்கள்.

அப்புறம், பக்கத்துச் சட்டக் கல்லூரிக் கட்டடம். அதுவும் இர்வின் வரைந்ததுதான், 1899இல் முடிந்தது. 2018இல் மாணவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். வகுப்பறையை நீதிமன்றமாக்கும்போது தடுப்புச் சுவர், பொய்க்கூரை, கேபிள் என்று ஆசை பெருகும். எதைப் போட்டாலும் நாளை கழற்றினால் பழைய சுவரில் காயம் இருக்கக் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரைபடத்தைக் கட்டடக் குழுவிடம் காட்டும் அதே வாரத்தில் குமாஸ்தாக்களிடமும் ஒரு பிரதி கொடுங்கள். எந்தக் கதவு எந்நேரம் நெரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
வளாகத்துக்கு அன்றாடம் வந்துபோகும் ஒரு வழக்கறிஞர்