சி.எஸ்.ஆர். பணத்தோடு பட்டறைக்காரரும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நீடாமங்கலம் கடைத்தெரு டீக்கடையில் உங்கள் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு போன வாரம் ஒரு வாக்குவாதம். லாபத்தில் 2 சதவீதத்தை ஊருக்குச் செய் என்று பெரிய கம்பெனிகளைச் சட்டம் போட்டு நெருக்கினால், புதுசாக ஒன்றைக் கண்டுபிடிக்க அவர்களிடம் காசு எங்கே மிஞ்சும் என்று கேட்டார் ஒரு நண்பர். டீ ஆறும்வரை பேசியும் தீராததால் இந்தக் கடிதம்.

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளிர் குழுக்களிடம் கடன் வசூலுக்குப் போய்வந்ததில் கம்பெனிகள் அந்த 2 சதவீதத்திலிருந்து ஊருக்குச் செய்யும் இந்த சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) உதவிகளைப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

கஜா புயலுக்கு அடுத்த வருடம் ஒரு நிறுவனம் எங்கள் ஊர்க் குழுவுக்கு 20 தையல் மெஷின் கொடுத்தது. பந்தல், மைக், சால்வை, போட்டோ. ஒரே ஊரில் 20 பேர் ஜாக்கெட் தைத்தால் தைக்கக் கொடுப்பது யார்? பாதி மெஷின் இன்று துணி மூடிக் கிடக்கிறது. ஒன்றின் மேல் நெல் மூட்டை. நிறுவனமும் இதில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வந்தவர்கள் விளம்பரப் பிரிவுக்காரர்கள்.

இன்னொரு முறை, மேற்கேயிருந்து ஒரு பம்ப்செட் கம்பெனி கோனோ வீடர் வாங்கிக் கொடுத்தது. திருந்திய நெல் சாகுபடியில் வரிசைக்கு நடுவே தள்ளிக் களையெடுக்கிற கருவி. எங்கள் களிமண்ணில் கெண்டைக்கால் வரை இறங்கும். நாலு வரிசை தள்ளுவதற்குள் பெண்களுக்குத் தோள் விட்டுப்போயிற்று. நல்லவேளை, கொண்டுவந்தவர் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி. பேன்ட்டை மடித்துக்கொண்டு தானும் இறங்கித் தள்ளிப் பார்த்தார். "கைப்பிடி எங்க உசரத்துக்கு இல்ல தம்பி, முன்னாடி மிதவை சேத்துக்குள்ள போவுது" என்று ஒரு அம்மா சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த குறுவைக்கு, எடை குறைந்த, கைப்பிடியை ஏற்றி இறக்கும்படியான கருவியோடு வந்தார். அப்புறம் அதையே அவர்கள் கடையில் விற்றார்கள். யோசனை சொன்ன பெண்களுக்கு ஒரு பைசா வரவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

"இந்தச் செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது சார், எங்கள் வியாபாரம் ஆகிவிடும்" என்றார் அந்தத் தம்பி. உண்மைதான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுக்கான விதிகள், நிறுவனம் வழக்கமாகச் செய்யும் தொழிலைச் சேர்ந்த வேலையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இல்லாவிட்டால் சரக்கு விற்பதையே தர்மம் என்று எழுதிவிடுவார்கள். சரி. ஆனால் கம்பெனியில் விஷயம் தெரிந்த ஆட்கள் ஒதுங்கிக்கொள்ள, மெஷின் வாங்கிக் கொடுத்துப் போட்டோ பிடிப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

கென்யாவின் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையைப் பாருங்கள். வறுமை ஒழிப்புக்கென்று பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய நிதியோடு தன் பணத்தையும் போட்டு, சிறுகடன் தவணையை செல்போனிலேயே கட்டும் முறையை 2005-இல் வெள்ளோட்டம் பார்த்தது வோடபோன். ஜனங்களோ அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். கம்பெனி அதைக் கவனித்து, 2007-இல் பணம் அனுப்பும் சேவையாகவே தொடங்கியது. வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக அலைந்த எனக்கு இதைப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

எளியவர்கள் கையாளும் கருவியைத் திருத்த ஆகும் செலவில் ஒரு பங்கையாவது, கண்டிப்பான தணிக்கையோடு, சி.எஸ்.ஆர். கணக்கில் ஏற்கலாம். யோசனை சொன்ன குழுவுக்கு விற்பனையில் பங்கு உண்டு என்று நிபந்தனையும் போடட்டும். அடுத்த தையல் மெஷின் வழங்கும் விழாவுக்கு உங்கள் நிருபர் வந்தால், ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.