தென் பிரான்சின் கார்காசோன் சிறையில் இருந்த புரூஸ் போனேட்டாவுக்கு

அன்புள்ள சகோதரி,

1325இல் திருச்சபையின் சமய விசாரணையாளர்கள் முன் நீங்கள் தந்த வாக்குமூலத்தை யார் படித்தாலும், 'பாவம், புத்தி பேதலித்துவிட்டது' என்றுதான் முதலில் நினைப்பார்கள். தூய ஆவியை உலகுக்குத் தர ஆண்டவர் உங்களைத் தேர்ந்தெடுத்தாராம். திருத்தந்தை 22ஆம் யோவான்தான் எதிர்க்கிறிஸ்துவாம். ஆனால் அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் உங்கள் ஊர்ப்பக்கம் நடந்ததைத் தெரிந்துகொண்டு படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

சண்டை எதில் தொடங்கியது? துணியிலும் தானியத்திலும். புனித பிரான்சிஸ் சொன்ன வறுமையை அப்படியே வாழ்வோம் என்ற பிரான்சிஸ்கன் துறவிகள் குட்டையான, ஒட்டுப்போட்ட அங்கி அணிந்தார்கள். மடத்தில் களஞ்சியம் எதற்கு என்று கேட்டார்கள். அங்கியும் களஞ்சியமும் மேலதிகாரிகள் முடிவு செய்ய வேண்டியவை, கீழ்ப்படியுங்கள் என்று 1317இல் திருத்தந்தை ஆணையிட்டார். மறுத்தவர்களில் நால்வரை 1318 மே 7 அன்று மார்செயில் எரித்தார்கள். அப்புறம் அவர்களை நம்பிய பெகின்கள், அதாவது உங்களைப் போன்ற இல்லறத்தாரும் கன்னியரும், ஊர் ஊராக எரிக்கப்பட்டார்கள். கருகிய எலும்புகளைப் பொறுக்கி வந்து, வீட்டில் வைத்து முத்தமிட்டு வணங்கினார்கள் உங்கள் மக்கள். நர்போனில், அவர்கள் போற்றிய பிரான்சிஸ்கன் துறவி ஒலிவி அடிகளின் கல்லறையைக்கூட அதிகாரிகள் விட்டுவைக்கவில்லை.

அந்த ஒலிவிதான் விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்கு உரை எழுதி, செல்வத்தில் ஊறிய திருச்சபை வீழும், தூய ஆவியின் காலம் மலரும் என்றவர். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இத்தாலியின் கலாபிரியாவைச் சேர்ந்த யோவாக்கிம் என்ற துறவி போட்ட விதை அது. மடத்து அறையில் அது வேத விளக்கம். எலும்பைக் கையில் வைத்திருக்கிறவருக்கோ அதுதான் அன்றைய செய்தி. மோன்பெலியேயின் பிரான்சிஸ்கன் கோயிலில் நீங்கள் காட்சி கண்டதை இந்த இடத்தில் வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உலக முடிவு வரப்போகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. வந்தாயிற்று என்றீர்கள். ஒலிவியின் எழுத்தைத் திருத்தந்தை தள்ளியதோடு, திருச்சபையின் புனிதச் சடங்குகளான அருளடையாளங்கள் செத்துவிட்டன, பீடத்தில் இருப்பது வெறும் அப்பம் என்றீர்கள்.

உங்களை நம்பாதவர்களுக்கு மீட்பே இல்லை என்றும் சொன்னீர்கள். அதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் மக்களை எரித்தவர்களும் ஏறக்குறைய அதையேதானே சொன்னார்கள்? ஆனாலும் மனம் மாறச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தியபோது, இந்த நம்பிக்கையிலேயே வாழ்ந்து சாவேன் என்று நின்றீர்களே, அந்த உறுதிக்கு முன் பேச்சு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1321இல் பிரான்சில் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று பழி சுமத்தித் தொழுநோயாளிகளைக் கொன்றார்கள். அவர்கள் உங்கள் இயக்கத்தார் அல்லர், உங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியிருந்தும் விசாரணையாளர் முன் நின்றுகொண்டு, எரிக்கப்பட்ட பெகின்களோடு அவர்களையும் சேர்த்து, இயேசு பிறந்த காலத்தில் ஏரோது அரசன் கொன்ற மாசற்ற குழந்தைகளுக்கு ஒப்பிட்டீர்கள். உங்கள் தரிசனங்களை நான் நம்பவில்லை, சகோதரி. ஆனால் உங்கள் உயிரே ஊசலாடிய நேரத்தில் அவர்களை நினைத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.