வீணை படிக்கப் போற ஆத்தாளுக்கு

அன்பு ஆத்தா,

வீட்ல எல்லாரும் பி.காம் பி.காம்னு சொல்றப்ப நீ மட்டும் வீணைதான் படிப்பேன்னு நிக்கிறியாம், உங்கம்மா போன்ல சொன்னா, எனக்கு அம்புட்டு சந்தோஷம். காலேஜ்தான் இன்னும் முடிவாகலையாமே. உன்னை மாதிரி தேடிக்கிட்டிருக்க பிள்ளைகளுக்கும் ஆகட்டும்னு பொதுவுலயே எழுதுறேன்.

காலேஜ் பேரைப் பாக்குறதுக்கு முன்னாடி அங்க வீணை சொல்லிக்கொடுக்குறது யாரு, எந்தப் பாணின்னு விசாரி. நம்ம காரைக்குடி பாணியையே எடுத்துக்க, அது காரைக்குடி சகோதரர்கள்னு பேர் வாங்கின அண்ணன் தம்பியோட பாணி, அண்ணன் சுப்பராம ஐயர் வீணைய செங்குத்தா நிமித்தி வெச்சு வாசிப்பாராம், தம்பி சாம்பசிவ ஐயரு எல்லாரும் மாதிரி படுக்க வெச்சு, ரெண்டு பேருமா சேந்து வாசிச்ச தானத்துக்காகவே (தாளம் போடாம, ஒரு நடையோட ராகத்தை விரிச்சு வாசிக்குறது) ஊரு பேரு பரவுச்சு. தம்பிக்கு 1952ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது கெடச்சது, கடைசி வருஷங்கள்ல மெட்ராஸ் கலாக்ஷேத்ராவுலதான் பாடம் சொன்னாரு, 1958ல காலமாயிட்டாரு. அதனால அந்தப் பாணியோட அழுத்தமான மீட்டு வேணும்னா காரைக்குடிப் பிள்ளையே மெட்ராஸ் வரைக்கும் போய்த் தேட வேண்டியிருக்கு, அதுக்காக ஹாஸ்டல்ல இருக்கணும்னாலும் இரு, தப்பே இல்ல.

தூரம் வேணாம்னா மதுரை பசுமலையில அரசு இசைக் கல்லூரி இருக்கு. சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டியும் நமக்கு அந்நியமில்ல, கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் ஆரம்பிச்சது, 1929லயே அங்க இசைக் கல்லூரி வந்துருச்சு, தமிழ்ப் பாட்டுக்குன்னு நின்ன எடம். உனக்கு தேவாரம், தமிழ்க் கீர்த்தனை மேல இருக்க பிரியத்துக்கு நான் அதைத்தான் முதல்ல போய்ப் பாக்கச் சொல்லுவேன்.

கலைமணின்னா டிப்ளமோ, பி.ஏ., பி.மியூசிக்னா டிகிரி, பின்னாடி எம்.ஏ. படிக்க ஆசை இருந்தா அப்ளிகேஷன் போடும்போதே அது டிகிரிதானான்னு பாத்துக்க.

நேர்ல போனா ஆபீஸ்ல பேசிட்டு மட்டும் திரும்பிடாத. பர்மிஷன் கேட்டு ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ்ல ஒரு மணி நேரம் உக்காரு, டீச்சர் தானே வாசிச்சுக் காட்டுறாங்களா, ஒரு பிள்ளை கமகம், அதான் ஸ்வரத்தை அசைச்சு வாசிக்குறது, தப்பா இழுத்தா நிப்பாட்டி தந்தியில அந்த விரலையே சரி பண்ணி விடுறாங்களா, இல்ல பத்துப் பேரையும் ஒண்ணா வாசிக்க விட்டு நோட்ஸ் எழுதச் சொல்றாங்களான்னு பாரு, அதுலயே பாதி தெரிஞ்சுரும். சாயங்காலம் பிராக்டிஸுக்கு ரூம் திறந்து விடுவாங்களா, ஹாஸ்டல்ல வாசிக்க விடுவாங்களான்னும் சீனியர் பிள்ளைககிட்ட கேளு. இன்னொண்ணு, வீணைத் தண்டு மேல விரல் வெக்கிற 24 மெட்டும் மெழுகுல பதிச்சிருக்கறதால வெயில்ல இளகி ஸ்வரம் நகந்துரும், நம்ம பக்கத்து வெயில் உனக்கே தெரியும், மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான ஸ்வரத்துக்கு மறுபடி பதிக்க, ஆள் அங்க வருவாங்களான்னு மறக்காமக் கேட்டுக்க.

உங்க அப்பச்சிகிட்ட நான் பேசிக்கிறேன், சிதம்பரத்துக்கு என்னிக்குப் போலாம்னு மட்டும் சொல்லு, கார் எடுத்துட்டு வர்றேன்.

அன்புடன்,
அம்மான்