திங்கட்கிழமை இரவை ஒதுக்கி வை

கல்லடி, மட்டக்களப்பு
தை மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்தது. முழங்கால் நோவு குறைந்து, இப்போது படி ஏறி இறங்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். நல்லதாய்ப் போயிற்று. நான் உன்னை அனுப்பப் பார்க்கிற நியூயோர்க் ஜாஸ் இசைக்கூடம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

இங்கே மழை விட்டபாடில்லை. முகத்துவாரம் வெட்டிய பிறகு வாவித் தண்ணீர் ஓரளவு வடிந்தது, பின்வளவில்தான் இன்னும் சேறு. தம்பிலுவில் பக்கம் வயல் எப்படி? கதிர் பறியும் நேரத்தில் இப்படிப் பெய்தால் என்ன செய்வது?

சரி, நீ கேட்ட விஷயம். மகன் ரொறன்ரோவுக்குக் கூப்பிடுகிறான், எந்த மாதம் போவது என்று கேட்டிருந்தாய். செப்டெம்பர் கடைசியில் போ. பெரும்போக விதைப்பு வருகிறதே என்று முரண்டு பிடிக்காதே. ஒரு போகத்தை மருமகன் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே மரங்கள் நிறம் மாறுவது உன் விதைப்புக்காகக் காத்திருக்காது.

ரொறன்ரோவுக்கு வடக்கே அல்கொன்குயின் பூங்காவில் மேப்பிள் மரங்கள் சிவப்பது செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் கிழமையிலும்தான். பூங்கா என்றதும் நம்ம காந்தி பூங்காவை நினைக்காதே. 1893ஆம் ஆண்டிலிருந்து பாதுகாத்து வரும் பெரிய காடு அது. நடுவே போகும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் காரை மெதுவாக விட்டாலே போதும். சனி ஞாயிறில் மட்டும் போகாதே, ஊர்ச் சனம் முழுக்கக் கையில் போனோடு நிற்கும். அனுமதிச் சீட்டையும் முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்.

நாங்கள் போன அன்று தூறல். நடைபாதையில் கிடந்த ஒரு இலையை எடுத்துப் பார்த்தேன். முழுக்கச் சிவப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் இன்னொரு இலையின் வடிவத்தில் மஞ்சள். வெட்டி ஒட்டியது போல அவ்வளவு துல்லியம். மகள்தான் விளக்கினாள். மஞ்சள் நிறம் இலைக்குள் முதலிலிருந்தே இருக்கிறதாம், பச்சை கழிந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அந்த நேரத்தில்தான் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது, அதற்கு வெயில் வேண்டும். மேலே இருந்த இலை வெயிலை மறைத்த இடம் மஞ்சளாகவே நின்றுவிட்டது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி விழாத குளிரும் இருந்தால் அந்த வருடம் சிவப்பு தூக்கலாக இருக்குமாம்.

மறுகா தெற்கே இறங்கு. நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் இலைகள் நிறம் மாறுவது ஒக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும்தான். அமெரிக்க விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்து வை. பூங்காவில் பகல் முழுக்க நட, ஆனால் திங்கட்கிழமை இரவை நான் சொன்ன ஜாஸ் கூடம், வில்லேஜ் வான்கார்டுக்கு ஒதுக்கி வை.

ஹொஸ்டலில் சிற்றலை வானொலியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கொனோவரின் ஜாஸ் நிகழ்ச்சியைக் கேட்கப் பழக்கியது நீதானே. எனக்கு அந்த மனிதர் நிறுத்தி நிறுத்திப் பேசும் ஆங்கிலம்தான் முதலில் பிடித்தது, இசை பிறகுதான். 1963இல் பெரிய ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் தன் குழுவோடு கொழும்புக்கே வந்திருக்கிறார். நாம் அப்போது சின்னப் பொடியன்கள், நமக்கு யார் சொன்னது!

வான்கார்டு 1935இல் தொடங்கிய இடம். செவன்த் அவென்யூவில் ஒரு சிவப்புப் பந்தல், ஒடுங்கிய படி, கீழே ஆப்பு வடிவில் ஒரு சின்ன அறை. சாப்பாடு கிடையாது. படம் எடுக்க, ஒலிப்பதிவு செய்ய விடமாட்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. 1961 ஜூன் 25ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்ததை ஒலிப்பதிவு செய்தது இங்கேதான். நீ தந்த கசெட்டில் பின்னால் கிளாஸ்கள் கிணுகிணுக்குமே, அதே அறை. அன்று பேஸ் வாசித்த ஸ்கொட் லாஃபாரோ பதினொரு நாளில் கார் விபத்தில் போய்விட்டான், 25 வயது.

திங்கட்கிழமைகளில் அங்கே பெரிய குழு வாசிக்கும். டிரம்பெட்காரர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ்காரர் மெல் லூவிஸும் 1966இல் தொடங்கியது, இருவரும் காலமான பிறகும் வேறு ஆட்களோடு தொடர்கிறது. பதினாறு பேர் அந்த மேடையில் எப்படி அடங்கினார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. முன் மேசையில் இருந்த எனக்குச் சக்சபோன்காரரின் சப்பாத்து கைக்கெட்டும் தூரம்.

ஒன்று சொல்ல வேண்டும் மச்சான். கசெட்டில் நாம் கேட்டது பாதிதான். ஒருவர் எழுந்து தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எந்தப் பதிவிலும் காணமுடியாது. டிரம்ஸ்காரர் குச்சியைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க வாசிக்கிறவரின் தோளில். அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் இவர் ஒரு அடி போடுகிறார். அடுத்து அவர் அந்த அடியையே பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறார். பின்வரிசை டிரொம்போன்காரர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உன் அப்பாதான் கண்ணுக்குள் வந்தார். கூத்துக் களரியில் மத்தளத்தோடு நின்று, ஆட்டக்காரனின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அரசன் வரவில் கால் கொஞ்சம் பிந்தினால் தாளத்தை இழுத்துக் கொடுப்பாரே, அதே கண். வடமோடிக் கூத்துக்கு எழுதிய ஏடு உண்டு, இவர்களுக்கும் தாளில் எழுதிய நோட்டு உண்டு. ஆனால் அந்தக் கொடுத்து வாங்கலை யார் எழுதி வைப்பது?

அதனால்தான் சாப்பாட்டுக் கடை ஜாஸ் எனக்கு ஒத்துவராது. ஒரு இடத்தில் பக்கத்து மேசைக்காரர் வீட்டுக் கடன் கதையை முழுக்கச் சொல்லி முடித்தார், பியானோ பாவம். ரொறன்ரோவிலேயே கேட்க ஆசையென்றால் குயின் வீதி மேற்கில் ரெக்ஸ் என்ற ஜாஸ் இடம் இருக்கிறது. சின்ன இடம், ஆடம்பரம் இல்லை, உனக்குப் பிடிக்கும்.

வான்கார்டில் டிக்கெட்டுக்கு மேல் குடிக்கவும் ஏதாவது வாங்க வேண்டும். நம்ம காசில் மாற்றிக் கணக்குப் பார்க்காதே, பார்த்தால் இசை காதில் ஏறாது. நேரத்தோடு போய் வரிசையில் நின்றால் முன் மேசை கிடைக்கும்.

திகதி முடிவானதும் எழுது. டிக்கெட்டை மகள் ஸ்காபரோவில் இருந்தே பதிவு செய்து தருவாள். போகும்போது தடித்த சொக்ஸ் இங்கேயே வாங்காதே, குளிருக்கு ஒன்றும் நிற்காது. மச்சாளையும் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டாளி