பிளேட் பிரிவு அண்ணனுக்கு நன்றி

பறை இசைக் கலைஞர் ஒருவரின் ஆல்பத்துக்கு மாத இதழில் முழுப்பக்க விளம்பரம். ஃபைல் அச்சகத்துக்குப் போனது கடைசி நாள் இரவு. அதை அப்படியே பிளேட் (அச்சுத் தகடு) போட்டிருந்தாலும் உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அண்ணே.

படம் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருந்தது. அச்சுக்கான நான்கு மை நிறமான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியதோடு விடாமல், பறையைக் காய்ச்சும் தீயில் சயான் என்ற நீல மையைக் குறைத்தீர்கள். இல்லாவிட்டால் அந்த ஆரஞ்சு அழுக்கேறிப் போயிருக்கும். இருண்ட பின்னணியில் நான்கு மையின் அளவும் சேர்ந்து 340 சதவீதம். காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும் என்று 300க்குள் இறக்கினீர்கள். வெள்ளைப் பட்டையில் இருந்த 8 பாயிண்ட் பாடல் பட்டியலைத் தனிக் கறுப்பாக்கினீர்கள். நான்கு நிறக் கறுப்பில் பிளேட் இம்மி நகர்ந்தாலும் மெய்யெழுத்தின் புள்ளி கலங்கிவிடும்.

எழுத்துரு இல்லாததால் 'கொட்டு' என்ற சொல்லில் கொம்பு இடம் மாறி நின்றதைப் பார்த்து, நீங்களே போன் செய்து எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய அவுட்லைன் ஃபைல் கேட்டு வாங்கினீர்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியே விடும் 3 மி.மீ. ப்ளீட் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பறையை அடிக்கும் சிண்டுக்குச்சியின் நுனி வெட்டுக்கோட்டை ஒட்டி இருந்தது. அதையும் உள்ளே தள்ளி வைத்தீர்கள்.

இதழ் வந்துவிட்டது. குச்சி முழுசாக இருக்கிறது, தீ எரிகிறது. உங்கள் பெயர் தெரியவில்லை அண்ணே. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.