மண்புழு செத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வயிற்றுப் பூச்சிக்கான மூலிகைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். வேப்பங்கொழுந்து, குப்பைமேனி, வாய்விடங்கம், முருக்கன் விதை என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஆடுதின்னாப்பாளை இலைப் பொடியையும் வெந்நீரில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடுத்த இதழிலேயே அதற்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

ஆடுதின்னாப்பாளையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது, பலர் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போனார்கள், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த மாத்திரையில் தவறுதலாகக் கலந்திருந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீனச் செடி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அமிலத்தை வைத்திருக்கிறது. பொடியைக் குடித்த மறுநாள் பூச்சி விழுந்தாலும் விழலாம். சிறுநீரகம் கெட்டது தெரிய மாதங்கள், வருடங்கள் ஆகும். அதனால்தான் 'பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு இங்கே செல்லாது.

மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு ஆய்வகத்தில் மலப் பரிசோதனை செய்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான், கொக்கிப்புழுவால் ரத்தம் குறைந்து வெளுத்துப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை நாக்குப்பூச்சியை நன்றாக விரட்டுகிறது, கொக்கிப்புழுவுக்கும் பரவாயில்லை, ஆனால் சாட்டைப்புழு இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் ஒரு வேளை மாத்திரையில் முழுதாகப் போகிறது. ஆடுகளின் குடலில் இந்த வகை மருந்துக்கு அசையாத புழுக்கள் ஏற்கெனவே உலகம் முழுக்கப் பரவிவிட்டன. புது மருந்து நமக்கு வேண்டும், அது நம் செடிகளிலிருந்தே வரலாம். மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆர்ட்டிமிசினின் பழைய சீன மருத்துவ நூலில் இருந்த ஒரு குறிப்பைப் பிடித்துப் போய்த்தான் கிடைத்தது, அதற்காக 2015இல் சீன விஞ்ஞானி தூ யூயூ நோபல் பரிசு வாங்கினார்.

சரி, இங்கே என்ன செய்கிறோம்? நம் பார்மசி கல்லூரிகளில் பூச்சி மூலிகைச் சோதனை என்றால் பெரும்பாலும் மண்புழுதான். இலையை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, ஒரு தட்டில் ஊற்றி, அதில் மண்புழுவைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் துவண்டது, எத்தனை நிமிடத்தில் செத்தது என்று குறித்துக்கொண்டு, பக்கத்துத் தட்டில் அல்பெண்டசோலில் கிடந்த புழுவோடு ஒப்பிட்டு, 'சிறந்த புழுக்கொல்லி' என்று கட்டுரை வெளியிட்டுவிடுகிறார்கள். மண்புழு ஒட்டுண்ணியே அல்ல, கொக்கிப்புழுவின் இனமும் அல்ல. அதைவிட முக்கியம், தட்டில் இருக்கும் சாறு வயிற்றுக்குள் போனபின் அதே சாறாக இருப்பதில்லை. செரிமானத்தில் சிதையலாம், புழு இருக்கும் இடத்தை எட்டும் முன்பே ரத்தத்தில் உறிஞ்சப்படலாம்.

மனிதர்களிடம் சோதிப்பது அப்படியொன்றும் எட்டாத காரியம் இல்லை. 41.7 மில்லிகிராம் மலத்தைச் சிறு அச்சுத் துளையில் அளந்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, மைக்ரோஸ்கோப்பில் புழு முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வந்துவிடும். மருந்துக்கு முன்னால் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை. நைஜீரியாவில் உலர்ந்த பப்பாளி விதையைத் தேனில் கலந்து 30 குழந்தைகளுக்கும், வெறும் தேனை இன்னொரு 30 குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். விதை சாப்பிட்டவர்களில் 23 பேருக்கும் தேன் மட்டும் சாப்பிட்டவர்களில் 5 பேருக்கும் மலத்தில் ஒட்டுண்ணி இல்லாமல் போனது. 2007இல் வெளிவந்த சின்ன ஆய்வுதான், அதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்ல முடியாது, ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு. தாம்பரத்தில் தேசிய சித்த நிறுவனம் இருக்கிறது. வேலூர் சிஎம்சி திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரிய குடற்புழு ஆய்வையே நடத்தியிருக்கிறது. இவர்கள் சேர்ந்து முருக்கன் விதையையும் வாய்விடங்கத்தையும் முதலில் பெரியவர்களிடம், மாத்திரையோடு ஒப்பிட்டு, ஈரலையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துச் சோதிக்கலாம். வேலை செய்யவில்லை என்றால் அதையும் வெளியிட வேண்டும்.

அந்த முடிவு வரும்வரை பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்களில் கொடுக்கும் மாத்திரையைப் பெற்றோர் தவிர்க்க வேண்டாம். உங்கள் கட்டுரையைப் பார்த்து ஆடுதின்னாப்பாளைப் பொடி வாங்கியவர்கள் அதைக் கொட்டிவிடட்டும். ஏற்கெனவே பலமுறை கொடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி, பிள்ளைக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளட்டும். இந்த இரண்டு வரியையாவது திருத்தத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
விழுப்புரம்