மன்னிப்புக் கடிதம் வேண்டாம், இருபது நிமிடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய குமரி மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். மாறுவதற்கான காரணத்தைப் பிள்ளையின் வாயாலேயே சொல்லவைக்கும் பேச்சுமுறைக்கு ஊக்கமூட்டும் நேர்காணல் என்று பெயர். அதற்காக அண்மையில் நடந்த அரைநாள் பயிற்சியில் மைக் இருந்தது, பொன்னாடை இருந்தது. ஒத்திகை மட்டும் இல்லை. மறுநாளே, தாமதமாக வந்த பிள்ளைகளிடம் வழக்கம்போல மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியாயிற்று.

1983-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிப்பழக்கமுள்ளவர்களுக்கு உதவுவது பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்கிய முறை இது. இதில் மாணவர்தான் அதிகம் பேச வேண்டும், நாம் அல்ல.

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன் அப்பாவோடு தோட்டத்துக்குப் போகிறான். சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு பஸ் பிடித்து வருவதற்குள் முதல் பீரியட் பாதி போய்விடுகிறது. வராந்தாவில் எல்லாரும் பார்க்க, "சீக்கிரம் எழுந்திரிக்க வேண்டியதுதானேடா?" என்று ஒரு கேள்வி. நாலு மணிக்கு எழுந்தவனிடம்! "தெரியாது சார்" என்கிறான், கையெழுத்துப் போடுகிறான், மறுநாளும் தாமதமாக வருகிறான்.

அவனிடமே, "மக்ளே, நேரத்துக்கு வர்றது உனக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லு" என்று கேளுங்கள். "நாலு" என்பான். "ஏன் ஏழு இல்ல?" என்றால் சாக்குகளை அடுக்குவான். "ரெண்டுன்னு சொல்லாம ஏன் நாலுன்னு சொன்ன?" என்றால், "கணக்குப் பீரியட் போயிருது சார்" என்று காரணம் அவன் வாயிலிருந்தே வரும். உடனே அறிவுரைக்குத் தாவினால் கெட்டது. "கணக்க விட மனசில்ல உனக்கு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மிச்சத்தை அவனே சொல்வான். யோசனை சொல்வதென்றால் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள், பிறகு "உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு திருப்பிச் சொல்லல் என்பது நல்ல கணக்கு. நம் ஸ்டாஃப் ரூமில் பத்துக் கேள்விக்கு ஒன்றுகூடத் தேறாது. இதற்குத்தான் இருபது நிமிடம் கேட்கிறோம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. அடிபடும் பிள்ளை, சாக நினைக்கும் பிள்ளை என்றால் பூஜ்யமா பத்தா என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனடிப் பாதுகாப்புதான் முதல் வேலை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் நம் மாவட்டம்தான் மாநிலத்திலேயே முதலிடம் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். தேர்ச்சி சதவீத பிளக்ஸுக்குச் சுவர் முழுக்க இடமிருக்கிறது, இரண்டு நாற்காலி போடத்தான் இடமில்லையாம். பொறுத்தருளுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

பிறர் கண்ணில் படும், காதில் விழாத ஓர் இடம். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம். அங்கே பேசுவது அசெம்பிளியில் ஒலிக்காது என்ற உறுதி. பயிற்சி பெற்ற ஆசிரியரின் ஒத்திகைப் பேச்சை மாதம் ஒருமுறை கேட்டுத் திருத்த ஓர் ஆள். பட்டறையில் கற்றது திருத்த ஆளில்லாவிட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். அதுவரை, அந்த மன்னிப்புக் கடிதத் தாளையாவது தயவுசெய்து நிறுத்திவையுங்கள்.

பணிவுடன்,
பள்ளி ஆலோசகர்கள் சிலர்
நாகர்கோவில்